‘ரிசைன்’ என்று எழுதிவிட்டேன், வேலை போய்விட்டதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஓர் இனிப்புக் கடையில் வேலை பார்க்கும் வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கும்பகோணம் பக்கமிருந்து வந்த ஸ்வீட் மாஸ்டர் அவர். முதலில் ஓராண்டு ஒப்பந்தம், அது முடிந்ததும் இரண்டாண்டு ஒப்பந்தம். இரண்டாவது ஒப்பந்தம் ஜூலை 31-ல் முடிகிறது. ஜூன் கடைசியில் கடை மேனேஜர் வாட்ஸ்அப்பில், ஒப்பந்தம் முடியப்போகிறதே, உங்கள் திட்டம் என்ன என்று கேட்டிருக்கிறார். இவர் ஆங்கிலத்திலேயே பதில் போட்டார்: “ஐ ஆம் ரெடி டு ரிசைன் தி கான்ட்ராக்ட். சேம் சேலரி ஓகே. கைண்ட்லி ரிவர்ட்.” மறுபடியும் கையெழுத்துப் போடத் தயார் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

ஜூலை 3-ஆம் தேதி கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொள்கிறோம், ஜூலை 31 கடைசி நாள் என்று அதில் இருந்தது. பதறிப்போய் முதலாளியிடம் ஓடினார். முதலாளி தோளில் தட்டி, “ஐ வில் சார்ட் இட் அவுட் ஜஸ்ட் நௌ” என்றாராம். அதை நம்பிப் பத்து நாளுக்கு மேல் காத்திருந்தார். அப்புறம் வந்தது இரண்டாவது காகிதம். தலைப்பில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’. உள்ளே, ஒரு மாதச் சம்பளமும் மீதி விடுப்புப் பணமும் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ ஆகத் தருகிறோம், ‘பை ஃபிரைடே’ கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்றிருந்தது.

அவர் கேட்பவை: நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி ஏதாவது செய்ய முடியுமா? அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிட்டால் ஆதாரம் இருக்காதே? மூன்று மாதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் இருந்தால் தானாக நிரந்தரம் என்று நண்பர் சொல்கிறாரே? காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா? கடைசியில், “என் இங்கிலீஷால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும் போல இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரரே, அவசரம் கருதி உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். உங்களைப் போலவே ஒப்பந்தத்தில் வந்து வேலை பார்க்கும் சமையல்காரர்கள், நகைத் தொழிலாளர்கள், கோயில் பணியாளர்கள் பலர் இங்கே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உங்கள் ஆங்கிலத்தில் விடுபட்டது ஒரு சின்னக் கோடு. ஆங்கிலத்தில் ரிசைன் என்றால் வேலையை விடுவது. ரீ-சைன் என்றால் மறுபடி கையெழுத்திடுவது. எழுத்துகள் ஒன்றே. இரண்டாவதற்கு மட்டும் முன்னொட்டுக்குப் பின் ஒரு சிறு கோடு போட வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் ‘ரீ’ என்ற நெடில் உங்களைக் காப்பாற்றியிருக்கும். போனில் தட்டச்சு செய்யும்போது அந்தக் கோட்டை ஆங்கிலமே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் விட்டுவிடுகிறார்கள். இதற்காகக் கூனிக்குறுக வேண்டாம். ஆனால் இன்றே திருத்த வேண்டும். ஏன் இன்றே என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் முதலாளியும் தமிழ்ப் பெயர் உள்ளவர், அவருக்குப் புரிந்திருக்காதா, வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபப்படுகிறீர்கள். இருக்கலாம். ஆனால் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த காலத்திலிருந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இன்று வீட்டுமொழியே ஆங்கிலம்தான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அவர் உண்மையிலேயே தவறாகப் படித்திருந்தால் ஒரு நல்ல கடிதம் காரியத்தை முடித்துவிடும். வேண்டுமென்றே படித்திருந்தாலும் அதே கடிதம்தான் உங்கள் முதல் ஆதாரம். ஆகவே யார் மனதில் என்ன என்ற ஆராய்ச்சியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

ஒரு சொல் ராஜினாமா ஆகுமா?

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ராஜினாமா ஒருதலைச் செயல். ஊழியர் தெளிவாகச் சொல்லிவிட்டால் முதலாளி ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்லத் தேவையே இல்லை. சொன்ன பிறகு முதலாளி சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும். இதுதான் உங்களைப் பயமுறுத்தும் பகுதி. ஆனால் அதே சட்டம், வேலையை விடும் எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தச் செய்தி எந்தச் சூழ்நிலையில் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை வைத்து, நியாயமான ஒரு மனிதர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று பார்ப்பார்கள். உங்கள் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஒப்பந்தம் முடிகிறதே என்று மேனேஜர் கேட்கிறார். நீங்கள் தயார் என்கிறீர்கள், அதே சம்பளம் போதும் என்கிறீர்கள். வேலையை விட்டுப் போகிறவர் எதற்காகச் சம்பளம் பேசுகிறார்? கடைசி நாள் என்று எந்தத் தேதியும் நீங்கள் எழுதவில்லை. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ‘சேம் சேலரி ஓகே’ என்ற மூன்று சொற்கள்தான்.

அதனால்தான் செய்தியை அழிக்கும் யோசனையை உடனே கைவிடச் சொல்கிறேன். அழித்தால் மேனேஜரிடம் ரிசைன் என்ற வரியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் பேச்சு உங்களிடம் இருக்காது. வாட்ஸ்அப் எல்லாம் சட்டப்படி எழுத்து ஆகாது என்றும் ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதுவும் சரியில்லை. மின்னணுச் செய்தியையும் எழுத்தாக ஏற்கும் சட்டம் இங்கே 2002-லிருந்தே இருக்கிறது.

உங்கள் வழக்கு உண்மையில் எதைப் பற்றியது?

நீங்கள் ரிசைன் என்ற சொல்லிலேயே சிக்கி நிற்கிறீர்கள். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் எதுவுமே எழுதாமல் இருந்திருந்தாலும் ஒப்பந்தம் ஜூலை 31-ல் முடிந்திருக்கும். ஆகவே சட்டப்படி பெரிய கேள்வி, அதைப் புதுப்பித்திருக்க வேண்டுமா என்பது. 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர், அதே மாதிரி நிபந்தனைகளில் புதுப்பிப்பார்கள் என்று நியாயமாக எதிர்பார்த்திருந்து, முதலாளி புதுப்பிக்காமல் விட்டால் அதுவும் பணிநீக்கம்தான் என்கிறது. ‘நியாயமாக’ என்பதுதான் இங்கே கனமான சொல். ஆசைப்பட்டேன் என்பது போதாது. ஆசைக்குக் காரணம் காட்ட வேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது.

உங்களிடம் காரணங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்கள். தீபாவளி ஆர்டருக்கான வேலைப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் வேலை விசாவில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதி இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், ஒப்பந்தத்தில் ‘மே பி ரினியூட்’ என்று இருக்கிறது. அதை நீங்கள் வாக்குறுதியாகப் படித்திருக்கிறீர்கள். அதன் பொருள் புதுப்பிக்கலாம் என்பது மட்டுமே. புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால் அங்கே ‘ஷல்’ அல்லது ‘மஸ்ட்’ வந்திருக்கும். இந்த ஒரு வரி உங்கள் எதிர்பார்ப்பைக் கொன்றுவிடாது, ஆனால் அவர்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். நிச்சயமாக ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கப் போதுமான பலம் உங்களிடம் இருக்கிறது என்று சொல்வேன்.

இப்போது ரிசைன் ஏன் முக்கியம் என்று புரிந்திருக்கும். ‘புதுப்பிக்க நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், அவரே வேண்டாம் என்றுவிட்டார்’ என்று அவர்கள் சொல்ல அந்தச் சொல் வழி திறந்துவிடுகிறது. நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வாதத்துக்கு வலு கூடுகிறது. இன்றே திருத்தச் சொன்னது இதற்காகத்தான்.

நண்பர் சொன்ன ‘மூன்று மாதம் ஆனால் நிரந்தரம்’ என்பது பாதி உண்மை. குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குக் கீழே உள்ளவர்களை, தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைத்தால் அது காலவரையற்ற வேலையாகக் கருதப்படும். சட்டத்தில் இது 198பி பிரிவு. ஆனால் தகுந்த காரணங்கள் எவை என்று அதே பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. வரையறுத்த காலத்துக்கு வேலை அனுமதி பெற்ற வெளிநாட்டவர் என்பதும் அதில் ஒன்று. அது நீங்கள்தான். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் கடைகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தவும் செய்யாது. இந்த வாதத்தை முன்னால் வைத்தால் உங்கள் நல்ல வாதமும் சேர்ந்து அடிபடும். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது காகிதம்

‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்பதைப் பாரபட்சமில்லாமல், நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டீர்கள். அகராதியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சட்டப் பேச்சில் அது வேறு. சமரசத்துக்காக நாங்கள் சொல்லும் இந்தத் தொகையை, நாளைக்கு நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிராகக் காட்டாதே என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்து ஆறுதல் கொள்ள எதுவுமில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ராஜினாமா அவ்வளவு உறுதியானதாக இருந்தால், சமரசம் பேசி ஒரு மாதச் சம்பளம் கூடத் தர வேண்டிய தேவை அவர்களுக்கு என்ன?

‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்றால் இதற்கு மேல் எதையும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தருவது. கையெழுத்துப் போட்டால் மேலே நான் சொன்ன உரிமை அநேகமாக அதோடு முடிந்தது. விடுப்புப் பணத்துக்காகப் போட வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணம், வேலை எப்படி முடிந்தாலும், அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின்படி உங்களுக்குச் சேர வேண்டியது. உங்களுடையதையே உங்களுக்குக் கொடுத்து அதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கூடுதலாக வருவது அந்த ஒரு மாதச் சம்பளம் மட்டுமே.

‘பை ஃபிரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள், வெள்ளியும் சேர்த்து. அது அவர்கள் வைத்த கெடு. மீறினால் அந்தச் சலுகையைத் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான். சட்டம் வைத்த கெடு வேறு, நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

முப்பது நாளை எங்கிருந்து எண்ணுவது?

சிசிஎம்ஏ எனப்படும் சமரச, நடுவர் ஆணையத்துக்கு 30 நாட்களுக்குள் போக வேண்டும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஜூலை 31-லிருந்து எண்ணி, ஆகஸ்ட் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். புதுப்பிக்காத வழக்குகளில், புதுப்பிக்கப்போவதில்லை என்று முதலாளி தெரிவித்த நாளைத்தான் பணிநீக்க நாளாகத் தொழிலுறவுச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு கொள்கிறது. ஜூலை 3-ஆம் தேதிக் கடிதமே அந்த அறிவிப்பு என்று அவர்கள் வாதிட்டால் கெடு ஆகஸ்ட் 2. பாதுகாப்பாக இருக்க ஜூலை முடிவதற்குள் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் மன்னிப்புக் கோரி மனுப் போடலாம், ஆனால் அதை ஏற்பது அவர்கள் கையில்.

அந்த ‘ஜஸ்ட் நௌ’ உங்கள் நாட்களைத் தின்றுவிட்டது என்று வருந்துகிறீர்கள். நம் ஊர் ஆங்கிலத்தில் அது இப்போதே அல்லது இப்போதுதான். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நௌ’ என்றால் அப்புறம் பார்க்கலாம், எப்போது என்று சொல்ல முடியாது. ‘நௌ நௌ’ என்று இரட்டித்துச் சொன்னால்தான் கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தம். உங்கள் முதலாளி அன்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஊர் வழக்கில் பேசினார். ஆனால் நாட்களை எண்ணும்போது இந்த வழக்குகளுக்கு எந்த மதிப்பும் கிடையாது. இனி யார் எதை வாயால் சொன்னாலும், ‘இன்று இப்படிச் சொன்னீர்கள், எந்தத் தேதிக்குள் என்று தெரிவிக்கவும்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

திருத்தக் கடிதம்

நீளம் வேண்டாம். ஜூன் மாதச் செய்தியில் நான் எழுதியது வேலையை விடுவது பற்றியல்ல. மேனேஜரின் கேள்விக்குப் பதிலாக, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயார் என்று தெரிவித்தேன். அதனால்தான் அதே சம்பளத்துக்குச் சம்மதம் என்றும் எழுதினேன். நான் ராஜினாமா செய்யவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுகிறேன். இவ்வளவும் வந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது ரீ-சைன் என்ற சொல்லையே தொடாதீர்கள், கோடு போட்டும் வேண்டாம். ‘ரினியூ’ என்று எழுதுங்கள், அல்லது ‘சைன் எ நியூ கான்ட்ராக்ட்’. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, ஒரு பிரதியைக் கையில் கொடுத்துத் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். நாளை மீண்டும் அதே அடுப்படியில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர் நீங்கள்.

இதே மாதிரி விழ வைக்கும் வேறு சொற்களும் உண்டு. காகிதங்களை மறுபடி அனுப்பிவிட்டு ‘ஐ ரிசென்ட் தி டாக்குமெண்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். கோடு இல்லாவிட்டால் அந்தக் காகிதங்கள் மேல் எனக்கு மனக்கசப்பு என்றாகும். ‘சென்ட் அகெய்ன்’ போதும். ‘ரிவர்ட்’ என்பதைப் பதில் தாருங்கள் என்று நாம் எழுதுகிறோம், பலருக்குப் புரியும்தான், ஆனால் பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஒப்பந்தப் பேச்சில் ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் ‘என்னை ரிட்ரெஞ்ச் பண்ணிவிட்டார்கள்’ என்கிறீர்கள். அது ஆட்குறைப்பு. அதற்குத் தனி நடைமுறையும் இழப்பீடும் உண்டு. உங்களுக்கு நடந்தது அதுவல்ல, ஆணையத்தின் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் குறித்துவிடாதீர்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, கடிதம் கொடுத்து, பேசி, புதுப்பிக்க வைப்பது. நான் விரும்புவது இதைத்தான். முதலாளிக்கும் தீபாவளிக்கு முன் புது மாஸ்டர் தேடுவது எளிதில்லை.

அது நடக்காவிட்டால் சிசிஎம்ஏ. கட்டணம் இல்லை. படிவத்தின் பிரதியை முதலாளிக்கும் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் படிவம் கொடுக்கும்போதே தமிழ் என்று தெரிவியுங்கள், தயங்காதீர்கள். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இந்த வழக்கில் சரியான சொல் எவ்வளவு முக்கியம் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள், அங்கேயும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜெயித்தால் மீண்டும் வேலை கிடைக்கலாம், அல்லது அதிகபட்சம் 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு. அது உச்சவரம்பு, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை இல்லை.

மூன்றாவது, பணம் வாங்கிக்கொண்டு பிரிவது. களைத்துப்போய் இதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். வேலை முடியும்போது முதலாளி நிரப்பும் யூஐ-19 படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ராஜினாமா என்று போட்டால் யூஐஎஃப் எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பணம் கேட்க முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று போட்டால் கேட்கலாம். அதுதான் உண்மையும்கூட. சமரசக் காகிதத்திலும் ‘ரிசைன்ட்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் விசாவை மறக்காதீர்கள். உங்கள் அனுமதி இந்தக் கடையின் பெயரில் இருக்கிறது. தேதி மீதி இருக்கிறது என்பதால் வேறு கடையில் போய் நிற்க முடியாது. இதற்கு மட்டும் குடியேற்றச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

ஆணையத்தில் முதலில் நடப்பது சமரசக் கூட்டம். அதற்கு உங்களுக்காக வழக்கறிஞர் வந்து பேச முடியாது, அவர்களுக்கும் முடியாது. தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தால் சங்க நிர்வாகி வரலாம். மேனேஜரின் கேள்வியும் உங்கள் பதிலும் தேதியோடு ஒரே பக்கத்தில் தெரியும்படி அச்சிட்டு, மூன்று பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். முதல் ஒப்பந்தம், இரண்டாவது ஒப்பந்தம், ஜூலை 3 கடிதம், நீங்கள் அனுப்பப்போகும் திருத்தக் கடிதம், தீபாவளி வேலைப் பட்டியல், எல்லாவற்றையும் அதே வரிசையில் கோப்பில் வையுங்கள்.